வலைப்பூ தொடங்குவதும் வடிவமைப்பதும்: புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எழுத ஆசை இருக்கிறது, ஆனால் டேஷ்போர்டை (வலைப்பூவை நடத்தும் கட்டுப்பாட்டுப் பக்கத்தை) திறந்ததும் எதை அழுத்துவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கான பக்கம் இது. வலைப்பூ எழுத உதவும் பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டையும் மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். தொடங்குபவருக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். மெனுக்களின் பெயர்களை ஆங்கில டேஷ்போர்டில் இருப்பதுபோலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

கோடிங் தெரியாமல் வலைப்பூ தொடங்க முடியுமா?

முடியும். மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தவர் பதிவும் எழுதிவிடலாம். பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் எல்லாம் பின்னால் தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்ளலாம். தேவைப்படாமலே பல வருடம் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

பிளாக்கரா, வேர்ட்பிரஸா? எதில் தொடங்குவது?

இரண்டுமே நீண்ட காலமாக நிலைத்து நிற்பவை. பிளாக்கரை 1999-இல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வந்ததும் அதே 2003-இல்தான்.

பிளாக்கருக்குச் செலவே இல்லை. கூகுள் கணக்கு இருந்தால் சில நிமிடங்களில் பக்கம் தயார். சர்வர், பாதுகாப்பு, அப்டேட் எதையும் நீங்கள் பார்க்க வேண்டாம். குறை என்னவென்றால் வசதிகள் ஓரளவோடு நின்றுவிடும். வேர்ட்பிரஸில் வசதிகளுக்கு எல்லையே இல்லை என்று சொல்லலாம், ஆனால் அதைச் சொந்தமாக நிறுவினால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) வாங்க வேண்டும், தோற்றத்தைத் தரும் தீம், கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்இன்கள் ஆகியவற்றை அவ்வப்போது அப்டேட் செய்ய வேண்டும். கவனிக்காமல் விட்ட வேர்ட்பிரஸ் தளங்களில் பழைய பிளக்இன் வழியாக யாராவது நுழைந்துவிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

என் கருத்தைக் கேட்டால்: எழுதிப் பார்க்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் பிளாக்கரில் தொடங்கட்டும். கடை நடத்த, பாடம் விற்க, பல ஆசிரியர்களோடு பெரிய தளம் கட்ட என்று தெளிவான திட்டம் இருப்பவர் நேராக வேர்ட்பிரஸுக்குப் போகலாம். இதைத் தீர்மானிப்பதிலேயே மாதங்களைக் கழிக்காதீர்கள். பிறகு மாற வழி இருக்கிறது, கடைசிக் கேள்வியில் அதைப் பார்ப்போம்.

வேர்ட்பிரஸ் டாட் காம், வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்: இரண்டும் ஒன்றா?

இல்லை. டாட் ஆர்க் என்பது மென்பொருள். இலவசமாக இறக்கி, நீங்கள் வாங்கிய ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ள வேண்டும். டாட் காம் என்பது அதே மென்பொருளை வைத்து ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை. அங்கே கணக்குத் தொடங்கினால் நிறுவும் வேலை இல்லை. ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் உங்கள் பக்கத்தில் வரும், பிளக்இன் சேர்க்க முடியாது. ‘வேர்ட்பிரஸில் இப்படிச் செய்யுங்கள்’ என்று சொல்லும் வீடியோக்களில் பெரும்பாலானவை டாட் ஆர்க்கைப் பற்றியவை. டாட் காமில் அந்த பட்டனைத் தேடிக் கிடைக்காமல் குழம்புபவர்கள் நிறைய.

பெயரும் முகவரியும் எப்படி வைப்பது?

வலைப்பூவின் பெயர் தமிழில் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரி அப்படி இல்லை. ஒருவர் போனில் வாயால் சொன்னால் மற்றவர் பிழையில்லாமல் டைப் செய்ய வேண்டும். இதுதான் நான் வைக்கும் ஒரே சோதனை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழ, ற, ண வருகிற சொற்களில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் வரும். நெடிலுக்கு ஒரு ‘ஏ’யா இரண்டு ‘ஏ’யா என்ற சந்தேகமும் வரும். அப்படிப்பட்ட சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். நடுவில் எண்ணும் கோடும் வேண்டாம்.

பெயரைக் குறுகிய தலைப்பில் அடைத்துவிடவும் வேண்டாம். இன்று செல்போன் விமர்சனம் எழுதுகிறவர் அடுத்த வருடம் பயணம் பற்றி எழுத விரும்பலாம்.

பிளாக்கரில் முதல் நாள் செய்ய வேண்டிய வேலைகள் என்ன?

பெயரும் முகவரியும் கொடுத்து வலைப்பூவை உருவாக்கியதும் செட்டிங்ஸ் பக்கத்தை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். மொழியைத் தமிழாக மாற்றினால் தேதி, ‘கருத்துகள்’, ‘மேலும் படிக்க’ போன்றவை தமிழில் தெரியும். நேர மண்டலத்தைச் சரியாக வையுங்கள், இல்லாவிட்டால் நேரம் குறித்து வைத்த பதிவு வேறு நேரத்தில் வெளியாகும். ‘விசிபிள் டு சர்ச் என்ஜின்ஸ்’ ஆன் ஆகியிருக்க வேண்டும். ‘சர்ச் டிஸ்கிரிப்ஷன்’ வசதியை இயக்கி, வலைப்பூ எதைப் பற்றியது என்று ஓரிரு வரியில் எழுதுங்கள். 150 எழுத்துக்கு மேல் இடம் இல்லை. வாசகரைப் பாதுகாப்பான முகவரிக்கு அனுப்பும் எச்டிடிபிஎஸ் ரீடைரக்டையும் ஆன் செய்துவிடுங்கள்.

அப்புறம் தீமைத் தொடாமல் ஒரு பதிவு எழுதி வெளியிடுங்கள். வெறும் பக்கத்தை அழகுபடுத்த உட்கார்ந்தால் எதற்காக அழகுபடுத்துகிறோம் என்றே தெரியாது. நாலைந்து பதிவுகள் வந்த பிறகுதான் உங்களுக்குப் படம் அதிகமா, நீண்ட பத்திகள் அதிகமா, தொடர் எழுதுகிறீர்களா என்பது புரியும். தீம் அதற்குத் தக்கபடி அமைய வேண்டும்.

தீம் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாதிரிப் பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே இருக்கும் அழகு பெரும்பாலும் தேர்ந்த புகைப்படக்காரர் எடுத்த படங்களின் அழகு. அவற்றை எடுத்துவிட்டு உங்கள் பதிவைப் போட்டால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். எழுத்து அதிகமாக எழுதுபவருக்குப் பெரிய படப் பெட்டிகள் நிறைந்த தீம் எதற்கு? ஒவ்வொரு பதிவுக்கும் படம் தேடுவதே வேலையாகிவிடும்.

பிளாக்கரில் கன்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் என்ற நான்கும் 2017-இல் வந்தவை, போன் திரைக்கும் கணினித் திரைக்கும் தாமே பொருந்திக்கொள்ளும். சிம்பிள் போன்ற பழைய தீம்களுக்குப் போன் வடிவம் தனியாக இருக்கும். வேர்ட்பிரஸில் ட்வென்டி ட்வென்டி-டூவும் அதற்குப் பிறகு வந்த இயல்புத் தீம்களும் பிளாக் முறையில், அதாவது தனித்தனித் துண்டுகளாக, அமைந்தவை. ஹெடர் (மேற்பகுதி), ஃபுட்டர் (அடிப்பகுதி) உட்பட எல்லாவற்றையும் எடிட்டரிலேயே இழுத்து மாற்றலாம். வேகமாகவும் இருக்கும். தொடங்குபவருக்கு இவையே போதும்.

வெளியே இலவச பிளாக்கர் தீம்கள் நிறையக் கிடைக்கின்றனவே, போடலாமா?

போடலாம், பார்த்துப் போடுங்கள். இலவசத் தீம்கள் பலவற்றில் அடியில் உருவாக்கியவரின் லிங்க் இருக்கும், அதை நீக்கினால் வேறு தளத்துக்குத் தள்ளிவிடும் ஸ்கிரிப்டும் உள்ளே மறைந்திருக்கும். இது ஓரளவு நியாயம்கூட. உழைத்துச் செய்தவர் பெயரை எதிர்பார்க்கிறார். ஆபத்து வேறு வகையில் வருகிறது: காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ ‘உடைத்து’ இலவசமாகக் கொடுப்பது. அதற்குள் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. சூதாட்டத் தளத்துக்கு லிங்க் இருக்கலாம், வாசகரை வேறெங்கோ இழுத்துப்போகும் பாப்-அப் இருக்கலாம். வேர்ட்பிரஸிலும் இதேதான், அதன் அதிகாரப்பூர்வத் தீம் கிடங்கிலிருந்தோ தயாரித்தவரிடமிருந்தோ மட்டும் எடுங்கள்.

போன் வடிவம் பற்றி ஒரு குறிப்பு. பிளாக்கரில் வெளித்தீம் ஏற்றியதும் ‘மொபைல் செட்டிங்ஸ்’ போய் ‘டெஸ்க்டாப்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் தீமின் சொந்தப் போன் வடிவம் தெரியும். இதைச் செய்யாமல் ‘தீம் போனில் வேறு மாதிரி தெரிகிறது’ என்று திகைப்பவர்கள் பலர்.

தமிழ் எழுத்துகள் நெருக்கமாக, படிக்கச் சிரமமாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். தீம்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அளவெடுத்துச் செய்யப்பட்டவை. தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் வருவதால் வரிக்கு உயரம் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்கு ஒன்றரை மடங்கு வரி உயரம் போதுமென்றால் தமிழுக்கு 1.7 அல்லது 1.8 மடங்கு வைத்துப் பாருங்கள். எழுத்தின் அளவு 17 அல்லது 18 பிக்சல் இருக்கட்டும். இந்த இரண்டு எண்களை மாற்றினாலே பாதிச் சிரமம் போய்விடும்.

அடுத்தது எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை இலவசம். நீண்ட கட்டுரைக்கு நோட்டோ வகைகளும் முக்த மலரும் எனக்குப் பிடித்தவை. கேட்டமரானைத் தலைப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வலைப்பூவுக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் சாதாரணம், தடிமன் என இரண்டு வகை மட்டும் ஏற்றுங்கள். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொன்றும் பக்கம் திறக்கும் நேரத்தைக் கூட்டும்.

சாய்வெழுத்தைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வு வடிவம் கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும். பார்க்க நன்றாக இருக்காது. மேற்கோளைக் காட்ட வேண்டுமானால் எடிட்டரில் இருக்கும் மேற்கோள் பட்டனைப் பயன்படுத்துங்கள். இரு ஓரமும் சமமாக நிற்கும்படி ‘ஜஸ்டிஃபை’ செய்வதும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, போனின் குறுகிய வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் சேர்ந்து நிற்பதே கண்ணுக்கு இதம்.

ஒரே பதிவில் எழுத்து சில இடங்களில் சிறிதாகவும் சில இடங்களில் பெரிதாகவும் வருகிறதே?

வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதி ஒட்டியிருப்பீர்கள். எழுத்தோடு அங்கிருந்த அளவு, நிறம், எழுத்துரு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், வெறும் எழுத்து மட்டும் வரும். ஏற்கெனவே ஒட்டியதைத் தேர்ந்தெடுத்து ‘கிளியர் ஃபார்மேட்டிங்’ கொடுத்தால் சுத்தமாகும். அதன்பிறகு தடிமனையும் லிங்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

உட்தலைப்பு வைக்கும்போது எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் போதாது. எடிட்டரில் ‘ஹெடிங்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தேடுபொறிக்கும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கும் அப்போதுதான் அது தலைப்பு என்று தெரியும்.

நிறங்களை எப்படி முடிவு செய்வது?

பின்னணி வெளிர், எழுத்து அடர்த்தி. லிங்குக்கு ஒரு நிறம். இவ்வளவுதான் ஆரம்பத்துக்கு. வெளிர்ச் சாம்பல் எழுத்து தீமின் மாதிரியில் நாசூக்காகத் தெரியும், வெயிலில் போனைப் பிடித்துப் படிப்பவருக்குக் கண் வலிக்கும். இணைய அணுகல்தன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கின்றன. நிறங்களைக் கொடுத்தால் இந்த விகிதத்தைச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன.

சைடுபாரில் என்னவெல்லாம் வைக்கலாம்?

பதிவுக்குப் பக்கத்தில் நிற்கும் பட்டைதான் சைடுபார். அதில் தேடல் பெட்டி, உங்களைப் பற்றி நாலு வரி, லேபிள்கள், அதிகம் படிக்கப்பட்ட பதிவுகள். இதற்குமேல் சேர்க்கும்போது, ‘இதை வாசகர் ஒருவர் தேடி வருவாரா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரம், வருகையாளர் எண்ணிக்கை, வானிலை, பறக்கும் பட்டாம்பூச்சி எதையும் யாரும் தேடி வருவதில்லை. இவை வெளித் தளங்களிலிருந்து ஸ்கிரிப்டை இழுப்பவை. அந்தத் தளம் நின்றால் உங்கள் பக்கமும் சேர்ந்து தடுமாறும். போனில் சைடுபார் பெரும்பாலும் பதிவுக்குக் கீழே போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிளாக்கரில் ‘லேஅவுட்’ பக்கத்தில் கேட்ஜெட்கள் என்ற இந்தச் சிறு பெட்டிகளைச் சேர்த்து, இழுத்து இடம் மாற்றலாம். பிரவுசர் தாவலில் தெரியும் குட்டிப் படத்தைச் செட்டிங்ஸ் பக்கத்தில் ஏற்ற வேண்டும். சதுரமாக, 100 கேபிக்குக் குறைவாக இருக்கட்டும். வேர்ட்பிரஸ் அதற்குக் குறைந்தது 512 பிக்சல் அகலமும் உயரமும் கேட்கும்.

தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி விநோதமாக வருகிறது. ஏன்?

பிளாக்கர் முகவரியில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே வரும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அதற்கு எடுக்க ஒன்றும் கிடைக்காமல் ‘பிளாக்-போஸ்ட்’ என்றும், அடுத்தடுத்த பதிவுகளுக்கு அதனோடு எண்கள் சேர்ந்தும் முகவரி அமைந்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அந்த லிங்கை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெரும்பாலும் சதவீதக் குறிகளாக விரியும். ஒவ்வொரு தமிழ் குறியீட்டுக்கும் ஒன்பது இடம் பிடிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் கணினிக் கணக்கில் ஐந்து குறியீடுகள், ஆக 45 எழுத்துகள். முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடமே 200 என்பதால் நீண்ட தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படும்.

வழி எளிது. வெளியிடுவதற்கு முன் பிளாக்கரில் ‘பெர்மாலிங்க்’ (பதிவின் நிலையான முகவரி) பகுதியில் ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து, பதிவைச் சொல்லும் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில், நடுவே கோடிட்டுக் கொடுங்கள். வேர்ட்பிரஸில் இதற்கு ‘ஸ்லக்’ என்று பெயர். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். வேர்ட்பிரஸில் முதல் நாளே செட்டிங்ஸில் பெர்மாலிங்க் பக்கம் போய் ‘போஸ்ட் நேம்’ என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

வெளியிட்ட பிறகு முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால் வேர்ட்பிரஸ் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானே அனுப்பும். பிளாக்கரில் ‘கஸ்டம் ரீடைரக்ட்ஸ்’ பகுதியில் நீங்களே எழுதி வைக்க வேண்டும்.

லேபிள், பக்கம்: என்ன வித்தியாசம்?

‘என்னைப் பற்றி’, ‘தொடர்புக்கு’, ‘தனியுரிமைக் கொள்கை’ மாதிரி தேதி முக்கியமில்லாதவை பக்கங்கள். மற்றவை பதிவுகள். பதிவுகளைத் தலைப்புவாரியாகச் சேர்ப்பது லேபிள், வேர்ட்பிரஸில் கேட்டகரியும் டேக்கும். ஒரு பதிவுக்கு இரண்டு மூன்று லேபிள் போதும். ‘சிறுகதை’, ‘சிறுகதைகள்’, ‘கதை’ என்று மூன்று லேபிள்கள் உருவானால் வாசகர் எதை அழுத்தினாலும் பாதிதான் கிடைக்கும். பத்து லேபிள்களை முதலிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களைப் பற்றி?

போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலமும் சில எம்பியும் இருக்கும். வலைப்பூவுக்கு 1200 பிக்சல் அகலம் தாராளம். கூகுள் தரும் ஸ்கூஷ் என்ற தளத்தில் பிரவுசரிலேயே அளவைக் குறைத்து ஜேபெக் அல்லது வெப்பி வடிவில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு படம் 200 கேபிக்குள் வந்தால் நல்லது. ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ பெட்டியில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வாக்கியம் தமிழில் எழுதுங்கள். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதுதான் படம்.

கூகுள் தேடலில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவது சரியல்ல. ‘நன்றி: கூகுள்’ என்று எழுதுவதால் அது சரியாகிவிடாது, கூகுள் அந்தப் படத்தின் உரிமையாளர் இல்லை. விக்கிமீடியா காமன்ஸில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏராளமான படங்கள் உண்டு. எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் கீழே குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். உங்கள் சொந்தப் படம் சுமாராக இருந்தாலும் எனக்கு அதுதான் மேல்.

தீமின் உள்ளே குறியீட்டைத் திருத்தலாமா?

திருத்தலாம், முதலில் பேக்கப். பிளாக்கரில் ‘தீம்’ பக்கத்தில் ‘கஸ்டமைஸ்’ பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தினால் ‘பேக்கப்’ இருக்கும். அந்தக் கோப்பைத் தேதியோடு சேமியுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் அதே இடத்தில் ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் தைரியமாக எதையும் சோதிக்கலாம்.

எழுத்து அளவு, வரி உயரம், நிறம், இடைவெளி போன்றவற்றுக்குத் தீமின் உள்ளே போகவே வேண்டாம். பிளாக்கரில் ‘கஸ்டமைஸ்’ போய், ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் ‘ஆட் சிஎஸ்எஸ்’ பெட்டியில் எழுதினால் போதும். பிடிக்காவிட்டால் அந்த வரியை அழித்துவிடலாம். வேர்ட்பிரஸில் தீம் கோப்புகளை நேரடியாகத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துவிடும். சிறு மாற்றத்துக்குக் கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டி, பெரிய மாற்றத்துக்குச் சைல்டு தீம், அதாவது மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்து, போனிலும் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பத்தையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கருத்துகளைத் திறந்து வைக்கலாமா?

வையுங்கள். ஆரம்பத்தில் வரும் ஒரு கருத்து கொடுக்கும் உற்சாகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் மட்டுறுத்தலை ஆன் செய்து, நீங்கள் பார்த்த பிறகு வெளியாகும்படி வையுங்கள், குறிப்பாகப் பழைய பதிவுகளுக்கு. ஸ்பேம் அங்கேதான் வந்து குவியும். வேர்ட்பிரஸில் அகிஸ்மெட் பிளக்இன் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மாற்றுக்கருத்தை வெளியிடுங்கள், வசவை நீக்குங்கள். அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

என் வலைப்பூ கூகுள் தேடலில் வரவே இல்லையே?

புதிய தளம் என்றால் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அதற்குள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களின் பட்டியலை) கொடுங்கள். பிளாக்கரும் வேர்ட்பிரஸும் சைட்மேப்பைத் தாமே உருவாக்குகின்றன, வேர்ட்பிரஸில் இது 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து உண்டு. வேர்ட்பிரஸில் ‘ரீடிங்’ செட்டிங்ஸில் தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. தளம் கட்டும்போது அதை டிக் செய்துவிட்டு எடுக்க மறந்துபோவது சாதாரணமாக நடக்கும், ஒருமுறை பாருங்கள்.

இதைத் தாண்டிய ரகசியம் எதுவும் இல்லை. ‘முதல் பக்கத்தில் கொண்டுவருகிறேன்’ என்று பணம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். ஒருவர் உண்மையில் தேடும் கேள்விக்கு, நீங்கள் நன்கு அறிந்த பதிலை, தெளிவான தலைப்போடு எழுதுங்கள்.

விளம்பரம் எப்போது போடலாம்?

கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எழுத்து சொந்தமாக இருக்க வேண்டும், தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் தேவை. அவசரம் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வாசகர் குறைவாக இருக்கும்போது விளம்பரத்தால் வருவது சொற்பம், இருக்கும் வாசகருக்கோ எரிச்சல்.

சொந்த டொமைன் வாங்குவது அவசியமா?

டொமைன் என்பது உங்கள் தளத்துக்கென்று நீங்கள் வாங்கும் தனி முகவரி. முதல் மாதத்தில் தேவையில்லை. தொடர்ந்து எழுதுவோம் என்று தெரிந்துவிட்டால் தள்ளிப்போடாமல் வாங்குங்கள். நான் செலவு செய்யச் சொல்லும் ஒரே இடம் இதுதான். பிளாக்கர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரி கூகுளுடையது. சொந்த டொமைன் இருந்தால், பின்னால் எந்தச் சேவையில் எழுதினாலும் வாசகர் வரும் முகவரி மாறாது.

வாங்கும்போது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் செய்து தருபவர் ‘நானே வாங்கிவிடுகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பிரியும் நாளில் அதுவே பெரிய தலைவலியாகும். முதல் வருடக் கட்டணத்தைவிடப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுங்கள். தானியங்கிப் புதுப்பித்தலை ஆன் செய்துவிடுங்கள். காலாவதியான டொமைனை வேறொருவர் எடுத்துக்கொண்டால் மீட்பது மிகக் கடினம்.

பிளாக்கரோடு இணைக்க, டொமைன் விற்றவரின் டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போகும் என்று குறிக்கும் இடம்) சிநேம் என்ற வகையில் இரண்டு குறிப்புகள் சேர்க்க வேண்டும். ஒன்று எல்லோருக்கும் பொது, மற்றது உங்கள் வலைப்பூவுக்கென்று பிளாக்கர் காட்டுவது. இணைந்ததும் பழைய பிளாக்ஸ்பாட் லிங்குகள் தாமாகவே புதிய முகவரிக்குப் போகும்.

எழுதியதெல்லாம் தொலைந்துபோகாமல் இருக்க?

யாஹூ நடத்திய ஜியோசிட்டீஸ் என்ற இணையப் பக்கச் சேவை 2009-இல் மூடப்பட்டபோதும், போஸ்டரஸ் என்ற வலைப்பூச் சேவை 2013-இல் மூடப்பட்டபோதும் நகல் எடுத்து வைக்காதவர்களின் எழுத்து அவற்றோடு போனது. பெரிய நிறுவனம் நடத்துகிறது என்பதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பிளாக்கரில் செட்டிங்ஸில் ‘பேக் அப் கன்டென்ட்’ கொடுத்தால் எல்லாப் பதிவுகளையும் கருத்துகளையும் இறக்கிக்கொள்ளலாம். படங்களின் அசல்களைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். தீமின் பேக்கப் வேறு, உள்ளடக்கத்தின் பேக்கப் வேறு, இரண்டும் வேண்டும். மாதம் ஒருமுறை என்று ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸில் அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளக்இன் இதைத் தானாகச் செய்து கூகுள் டிரைவில் சேமிக்கும்.

கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பு போடுங்கள். பிளாக்கரில் உங்களுடைய இன்னொரு கூகுள் கணக்கையும் அட்மினாகச் சேர்த்து வையுங்கள். ஒரு கணக்கு முடங்கினாலும் மற்றதன் வழியாக உள்ளே போகலாம்.

பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்குப் பிறகு மாற முடியுமா?

முடியும். பிளாக்கர் தரும் பேக்கப் கோப்பை வேர்ட்பிரஸின் ‘டூல்ஸ்’ பகுதியில் உள்ள பிளாக்கர் இம்போர்ட்டர் படித்துக்கொள்ளும். பதிவுகள், கருத்துகள், லேபிள்கள் வந்துவிடும். படங்கள் எல்லாம் வந்தனவா, இன்னும் கூகுள் சர்வரிலிருந்தே தெரிகின்றனவா என்று ஒவ்வொரு பதிவாகச் சரிபாருங்கள்.

கவனம் வேண்டியது முகவரிகளில்தான். பிளாக்கர் முகவரியில் வருடம், மாதம், பெயர், கடைசியில் எச்டிஎம்எல் என்று வரும். வேர்ட்பிரஸின் பெர்மாலிங்க் பக்கத்தில் ‘கஸ்டம் ஸ்ட்ரக்சர்’ தேர்ந்தெடுத்து அதே வரிசையை அமைக்கலாம். சொந்த டொமைனில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு, ஸ்லக்குகளும் பழையபடியே வந்திருந்தால், எல்லா லிங்கும் அப்படியே வேலை செய்யும், தேடலில் பெற்ற இடமும் பெரிதாகக் குலையாது. பிளாக்ஸ்பாட் முகவரியில் இருந்தவர், பழைய வலைப்பூவை அழிக்காமல் விட்டு, ஒவ்வொரு பதிவின் மேலும் புதிய முகவரிக்கு லிங்க் கொடுத்து, வாசகரை ஒருவர் ஒருவராக அழைத்துவர வேண்டியிருக்கும்.